யார் மீது சந்தேகம்?

(காரைக்குடியில் நடைபெற்ற தொழிலாளர் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று மாலை முழுவதும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறோம். மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர்களுக்கும், வயலிலிருந்து கால் கழுவிக்கொண்டு நேரே வந்தவர்களுக்கும் இங்கிலீஷ் பாடம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சொல்லை நாம் தேடிப் போகவில்லை. அது நம்மைத் தேடி வந்துகொண்டேயிருக்கிறது. மில் ஆபீஸ் மெமோவில் வருகிறது. போலீஸ் ஸ்டேஷன் ரிஜிஸ்தரில் உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் இருக்கிறது. தலைமேல் விழுகிற பொருளுக்கு எடை எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டாமா?

அந்தச் சொல் ‘சஸ்பெக்ட்’.

இதையும் ‘சஸ்பெண்டு’ என்பதையும் நம் தோழர்களில் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. சஸ்பெண்டு என்றால் தொங்கவிடுவது. வேலையும் கிடையாது, வேலைநீக்கமும் கிடையாது. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட வாளி மாதிரி நடுவில் ஆடிக்கொண்டிருப்பது. சஸ்பெக்ட் என்றால் சந்தேகிப்பது. ஆனாலும் நம் தோழர்கள் குழம்புவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இன்று சஸ்பெக்ட் என்றால் நாளைக்குச் சஸ்பெண்டு என்பதுதானே மில் வாசலின் இலக்கணம்!

சொல்லின் பிறப்பைக் கொஞ்சம் பார்ப்போம். பழைய லத்தீன் மொழியில் ‘கீழிருந்து பார்ப்பது’ என்ற பொருளில் ஒரு வினைச்சொல் இருந்தது. அதிலிருந்து வந்ததுதான் இது. பார்ப்பது என்ற அதே வேரிலிருந்து இன்னும் சில சொற்கள் பிறந்திருக்கின்றன; அவை உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. ‘இன்ஸ்பெக்டர்’ என்றால் உள்ளே பார்ப்பவர். ‘ரெஸ்பெக்ட்’ என்றால் திரும்பிப் பார்ப்பது, அதாவது மரியாதை. ஆக இன்ஸ்பெக்டரும் சஸ்பெக்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். (சிரிப்பு) சிரிக்க வேண்டாம். இந்த வேடிக்கைக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. லத்தீனில் ஒருவரை அண்ணாந்து பார்த்து வியப்பதற்கும் அதே சொல். நம்பாமல் கடைக்கண்ணால் பார்ப்பதற்கும் அதே சொல். காலப்போக்கில் வியப்பு உதிர்ந்துவிட்டது, சந்தேகம் மட்டும் மிஞ்சிற்று.

சொல்லை உச்சரிப்பதிலும் ஒரு நுணுக்கம். முன் பாதியை அழுத்திச் சொன்னால் அது ஆளைக் குறிக்கும்: சந்தேகத்துக்கு ஆளானவர். பின் பாதியை அழுத்திச் சொன்னால் செயலைக் குறிக்கும்: சந்தேகிக்கிறேன். ஒரே எழுத்துகள்தான், அழுத்தம் இடம் மாறினால் சந்தேகிக்கிறவன் போய், சந்தேகிக்கப்படுகிறவன் வந்து நிற்கிறான்.

இன்னொரு வித்தியாசத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு இது தேவைப்படும். ‘அவன் வருவானா என்பது சந்தேகம்’ என்கிறோம். வரமாட்டான் என்றே மனம் சொல்லுகிறது. ‘அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகம்’ என்கிறோம். எடுத்திருப்பான் என்று மனம் சாய்ந்துவிட்டது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சந்தேகம்தான். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘டௌட்’ என்று பெயர், இரண்டாவதற்கு ‘சஸ்பெக்ட்’ என்று பெயர். டௌட் என்பது நம்பத் தயங்குவது. சஸ்பெக்ட் என்பது நம்பத் தொடங்கிவிட்டது, கையில் ருசு மட்டும் இல்லை. இந்த இரண்டு சந்தேகங்களில் எது யாருக்குக் கிடைக்கிறது என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

சந்தேகம் கெட்ட பொருள் என்று யாரும் எண்ண வேண்டாம். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டில் ‘டெங்கு சஸ்பெக்ட்’ என்று எழுதுகிறார். எழுதிவிட்டு என்ன செய்கிறார்? ரத்தம் எடுக்கச் சொல்லுகிறார். பரிசோதனைச்சாலையிலிருந்து பதில் வருகிற வரையில் அவர் தீர்ப்புச் சொல்லுவதில்லை. இல்லை என்று பதில் வந்தால் அந்தச் சொல்லைத் தம் கையாலேயே அடித்துவிடுகிறார். நோயாளியை உதைத்து ‘எனக்கு டெங்குதான்’ என்று ஒப்புக்கொள்ளச் செய்வதில்லை. மருத்துவத்தில் சந்தேகம் என்பது விசாரணையின் முதல் படி. மற்ற இடங்களில் அதே சொல் விசாரணையின் கடைசிப் படியாகிவிடுகிறது. வித்தியாசம் சொல்லில் இல்லை. அதைக் கையில் வைத்திருப்பவரிடத்தில் இருக்கிறது.

இந்த ஊரில் நின்று சந்தேகத்தைப் பற்றிப் பேசும்போது கம்பனை விட்டுவிட முடியாது. சா. கணேசன் அவர்கள் 1939-ல் இங்கேதான் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பக்கத்துச் சிராவயலில் ஆசிரமம் நடத்திய ஜீவா, பிற்காலத்தில் அதே கம்பனை எடுத்துத் தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். ராமாயணத்தில் விபீடணன் அடைக்கலம் கேட்டு வந்து நிற்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். எதிரியின் தம்பி. இரவோடு இரவாக வந்திருக்கிறான். சேர்க்கக் கூடாது என்கிறான் சுக்கிரீவன். மற்றவர்களும் ஆமோதிக்கிறார்கள். சந்தேகப்படக் காரணம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. அனுமன் மட்டும் வேறு மாதிரி பேசுகிறான். அவன் நல்லவன் என்று நான் நம்புகிறேன் என்று வெறுமனே சொல்லவில்லை. இலங்கையில் தான் கண்ணால் கண்டதை எடுத்து வைக்கிறான்: தூதனாகப் போன என்னைக் கொல்லச் சொன்னபோது, தூதனைக் கொல்லக் கூடாது என்று சபையில் தடுத்துப் பேசியவன் இவன் என்கிறான். சந்தேகத்துக்கு எதிரே சாட்சியம் வந்து நிற்கிறது. ராமன் சாட்சியத்தின் பக்கம் போகிறான். இதே ராமன் பிறகு சீதையை என்ன செய்தான் என்று நம் தாய்மார்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு ஓர் அனுமன்கூடக் கிடைக்கவில்லை. பொற்கொல்லன் சொன்னான், அரசன் விசாரிக்கவில்லை, வெட்டிவிட்டார்கள். மதுரை இங்கிருந்து தூரமில்லை.

கதையை விட்டுச் சரித்திரத்துக்கு வருவோம். திருப்பத்தூருக்குப் போகிற தோழர்கள் மருது சகோதரர்களின் நினைவிடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1801 அக்டோபர் 24-ம் தேதி அவர்களைக் கும்பினியார் தூக்கிலிட்ட ஊர் அது. அதற்கு நான்கு மாதம் முன்பு, ஜூன் 16-ம் தேதி, திருச்சிக் கோட்டையில் சின்ன மருது பெயரால் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. ஐரோப்பியர் சொல்லை நம்பி ஆற்காட்டு நவாப் நாட்டை இழந்த கதையை ஜனங்களுக்கு அது எடுத்துச் சொல்லிற்று. லத்தீன்காரர்கள் சொன்ன ‘கீழிருந்து பார்ப்பது’ இதுதான். ஆளப்படுகிறவன் ஆளுகிறவனை ஏறிட்டுப் பார்த்துச் சந்தேகப்படுகிறான். அந்தச் சந்தேகத்துக்குக் கும்பினியார் கொடுத்த பதில் தூக்குக்கயிறு. அதோடும் நிற்கவில்லை. 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. வயது பதினைந்து இருக்கும். அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன? இன்னாருக்குப் பிறந்தவன், நாளைக்கு என்ன செய்வானோ என்ற பயம். மருது குடும்பத்தோடு முன்னர் பழகியவரான வெல்ஷ் என்ற வெள்ளைக்காரப் படை அதிகாரி பல ஆண்டுகள் கழித்துப் பினாங்கில் அவனைச் சந்தித்தார். வாலிபத்திலேயே முதுமை தட்டிப் போயிருந்த அவனைக் கண்டு மனம் வருந்தியதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இது மேலிருந்து பார்க்கிற சந்தேகம். இதற்குக் குற்றம் தேவையில்லை, பிறப்பே போதும்.

பிறப்பைச் சந்தேகிப்பதைச் சட்டமாகவே எழுதிவிட்டது வெள்ளைக்கார சர்க்கார். 1871-ல் வந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். ஒரு ஜாதி முழுவதும் குற்றம் செய்யும் பழக்கமுடையது என்று ‘நம்புவதற்குக் காரணம்’ இருந்தால் போதும், சர்க்கார் அறிவிப்புப் போடலாம். அறிவிப்பு சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாது. 1911-ல் சட்டத்தைப் புதுப்பித்து நம் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். மதுரைச் சீமையில் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. விரல் ரேகை பதிய வேண்டும். ஊரைவிட்டுப் போனால் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணம் ஆனவனும் ராத்திரி போலீஸ் கண்ணெதிரில் போய்ப் படுக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள் மீது 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேர் மாண்டார்கள். மாயக்காள் என்ற பெண்மணியும் அவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் ஒழிந்தது. மறு ஆண்டே ‘பழக்கக் குற்றவாளிகள்’ என்ற பெயரில் இன்னொரு சட்டம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

சட்டம் போனாலும் அதன் சொற்கள் நம் வாயில் தங்கிவிட்டன. சேட்டை செய்கிற பையனை ‘சரியான கேடி’ என்கிறோம். கேடு என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இது போலீஸ் ரிஜிஸ்தரிலிருந்து வந்தது. ‘நோன் டெப்ரடேட்டர்’, அதாவது தெரிந்த கொள்ளைக்காரன் என்ற இரண்டு சொற்களின் முதலெழுத்துகள். நோன் என்று உச்சரித்தாலும் ஆங்கிலத்தில் அது ‘கே’ எழுத்தில் தொடங்குகிறது. கே, டி: கேடி. போலீஸ் கணக்கில் கேடி என்று ஒரு பட்டியல், சஸ்பெக்ட் என்று ஒரு பட்டியல், ரவுடி என்று ஒரு பட்டியல். தண்டனை பெற்றவன் கேடியாவான். தண்டனை பெறாதவனும் சஸ்பெக்ட் ஆகலாம். அதற்குப் பிறகு வட்டாரத்தில் எங்கே ஆடு காணாமற் போனாலும், எந்தக் கிணற்று மேட்டில் மோட்டார்க் கம்பியை அறுத்தாலும் அவன் வீட்டுக் கதவுதான் முதலில் தட்டப்படும்.

அப்படியானால் போலீசார் யாரையுமே சந்தேகிக்கக் கூடாதா? சந்தேகிக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஓர் அடைமொழி போட்டிருக்கிறது: ‘நியாயமான’ சந்தேகம். இந்த அடைமொழிக்காக லண்டனில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. யுத்த காலத்தில் லிவர்சிட்ஜ் என்பவரை விசாரணையின்றி அடைத்தார் உள்நாட்டு மந்திரி ஆண்டர்சன். இவர் அதற்கு முன்பு வங்காளத்தில் கவர்னராக இருந்தவர். ஆட்களை விசாரணையின்றி அடைப்பதில் நம் நாட்டிலேயே பயிற்சி பெற்றவர். நம்புவதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்று விதி சொல்லிற்று. மந்திரி தமக்குக் காரணம் இருப்பதாக நினைத்தாலே போதும் என்று 1941-ல் நான்கு நீதிபதிகள் தீர்ப்பெழுதினார்கள். அட்கின் பிரபு ஒருவர் மட்டும் மறுத்தார். ஒருவனுக்குக் கால் முறிந்திருப்பதும், முறிந்திருப்பதாக அவன் நினைத்துக்கொள்வதும் ஒன்றாகுமா என்று கேட்டார். பின்னாளில் இங்கிலாந்து நீதிபதிகளே அட்கின் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டில் குடியரசு மலர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள், 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் வந்தது. சென்னை மாகாணச் சிறையிலிருந்த ஏ. கே. கோபாலன் அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். சட்டம் செல்லும் என்றார்கள். ஆனால் எதற்காக அடைத்தோம் என்பதைக் கோர்ட்டிலும் சொல்லக் கூடாது என்றிருந்த 14-வது பிரிவை மட்டும் அடித்துப் போட்டார்கள். அந்த ஒரு பிரிவை அடித்ததும் சிறிய காரியமல்ல.

‘நியாயமான’ என்ற அந்தச் சின்ன அடைமொழி இல்லாமற் போனால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க லண்டனுக்குப் போக வேண்டாம். நம் சிவகங்கை மாவட்டமே போதும். 2025 ஜூன் மாதக் கடைசி. திருப்புவனத்தை அடுத்த மடப்புரம் காளி கோயிலில் காவலாளியாக இருந்தார் ஓர் இளைஞர். முப்பது வயது நிறையவில்லை. கோயிலுக்கு வந்த ஒருவருடைய காரிலிருந்து நகை காணாமற் போனதாகப் புகார். காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிச் சாவி கொடுத்தது அந்த இளைஞரிடம். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, வேறொருவரை வைத்து நிறுத்தினார். சந்தேகம் என்ற அளவில் பார்த்தால், விசாரிக்கக் காரணம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். விசாரணை எப்படி நடந்தது? முறைப்படி வழக்குப் பதிவாகும் முன்பே தனிப்படைப் போலீசார் அவரைக் கொண்டு போனார்கள். ஜூன் 28-ம் தேதி அவர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள் எண்ணப்பட்டன. ஐந்து போலீசார் கைதானார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று.

இந்த இடத்தில் பத்திரிகைகளின் மொழியைக் கவனியுங்கள். கைதான போலீசாரைப் பற்றி எழுதும்போது ‘தாக்கியதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதினார்கள். சரியான முறைதான். அவர்கள் மீதும் குற்றம் கோர்ட்டில் ருசுவாக வேண்டும். நாம் அதற்கு மாறாகக் கேட்கவில்லை. நாம் கேட்பதெல்லாம் இதுதான்: அந்த ‘கூறப்படுகிறது’ என்ற சொல், தோப்பில் தேங்காய் பொறுக்கியவனைப் பற்றி எழுதும்போது எங்கே போய்விடுகிறது? அவனுக்கு மட்டும் ஏன் படத்தோடு ‘திருடன் சிக்கினான்’ என்று தலைப்பு?

நம் சிறைகளில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். 2022-ம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் ஐந்து லட்சத்து எழுபத்துமூவாயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாதவர்கள். ஜாமீன்தாரர் கிடைக்காதவன், வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவன். சந்தேகம் என்ற சொல்லின் மீதே இத்தனை பேர் படுத்து எழுந்திருக்கிறார்கள்.

இப்போது அந்த இரண்டு சந்தேகங்களுக்கு வருவோம். 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து சாம்பலானார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். கீழ்க் கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973-ல் விடுதலை செய்தது. பெரும் நிலமுடையவர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருந்தது. இதுதான் ‘டௌட்’. இதற்குச் சட்டப் பாஷையில் ‘சந்தேகத்தின் பலன்’ என்று அழகான பெயர் உண்டு. நல்ல கொள்கை. நிரபராதி ஒருவன் தண்டனை பெறாமலிருக்க மனித சமுதாயம் பல நூற்றாண்டு பாடுபட்டுக் கண்டுபிடித்த கொள்கை. ஆனால் காரும் நிலமும் இருந்தால் டௌட், காளையும் கலப்பையும்கூட இல்லாவிட்டால் சஸ்பெக்ட் என்று ஆளுக்குத் தகுந்தபடி சொல் மாறுகிறதென்றால், அங்கே எடை போடுவது சாட்சியத்தையா, சொத்தையா?

1992 ஜூன் 20-ம் தேதி தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் ஓர் ஊர் முழுவதையும் சந்தனக் கட்டை கடத்தும் ஊர் என்று சந்தேகித்து அதிகாரிகள் நுழைந்தார்கள். பதினெட்டுப் பெண்களின் வாழ்க்கையை அந்தச் சோதனை குலைத்தது. வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை என்று 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். தீர்ப்பு வர 2011 ஆயிற்று. அதற்குள் 54 பேர் இறந்து போனார்கள். மிச்சமிருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023-ல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மலைஜாதிப் பெண்கள் பத்தொன்பது ஆண்டு விடாமல் கோர்ட்டுப் படியேறிச் சாட்சி சொன்னார்கள். சந்தேகத்தை அவர்கள் சாட்சியமாக்கினார்கள். அனுமன் செய்தது போல என்று சொன்னால் பொருந்தும்.

மில்லுக்கு வருவோம். ஷிப்டு முடிந்து கேட்டில் சோதனை போடுகிறார்கள். பெண் தொழிலாளியின் சாப்பாட்டுப் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். ஒரு கோன் நூல் கணக்கில் குறைகிறது. மறுநாள் மெமோ: ‘தாங்கள் எடுத்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுகிறது, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?’ பார்த்தீர்களா, ‘சந்தேகிக்கப்படுகிறது’. யார் சந்தேகிக்கிறார்? மானேஜரா, மேஸ்திரியா, வாட்ச்மேனா? எதைப் பார்த்து? இந்தச் செயப்பாட்டு வினைக்குள் ஆள் ஒளிந்துகொள்ள நல்ல வசதி இருக்கிறது. முதலில் ஆளை வெளியே வரச் சொல்லுங்கள்.

இதற்கு நமக்கு ஒரு வலுவான தீர்ப்பு இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறை ஊழியரான எச். சி. கோயல் என்பவர் ஓர் அதிகாரியின் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அது நூறு ரூபாய் நோட்டு, தமக்கு லஞ்சம் கொடுக்க வந்தார் என்று அதிகாரி புகார் செய்தார். விசாரணை நடத்தியவர் குற்றம் ருசுவாகவில்லை என்றார். சர்க்கார் கேட்கவில்லை, டிஸ்மிஸ் செய்தது. உச்சநீதிமன்றம் வரை போயிற்று. இலாகா விசாரணையானாலும் வெறும் சந்தேகம் ருசுவின் இடத்தில் உட்கார முடியாது என்று 1963-ல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் கஜேந்திரகட்கர். இதே நீதிபதி 1957-ல் ஒரு கொலை வழக்கில், உண்மையாக இருக்கலாம் என்பதற்கும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கும் நடுவே நெடுந்தூரம் உண்டு, அவ்வளவு தூரத்தையும் சாட்சியத்தால்தான் கடக்க வேண்டும் என்று எழுதினார். மில் மானேஜர்கள் அந்தத் தூரத்தை ஒரே தாவலில் தாண்டிவிடப் பார்க்கிறார்கள்.

சஸ்பெண்டு செய்தால் பட்டினி போட முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 1946-ம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தில் 1982-ல் சேர்த்த பிரிவு முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அதற்குமேல் தொழிலாளியின் தவறால் தாமதம் ஆகவில்லையென்றால் முக்கால் சம்பளம் என்றது. 2020-ம் ஆண்டுத் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டமும் இதை வைத்துக்கொண்டிருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

இதுவரை நம் மீது விழுகிற சந்தேகத்தைப் பேசினோம். நம்மிடமிருந்து கிளம்புகிற சந்தேகம் ஒன்று இருக்கிறது. அதைப் பேசாமல் போனால் இந்த வகுப்பு அரை வகுப்புதான். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. கூட வந்த முதியவள் தெருக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தாள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று செல்போனில் வதந்தி பரவியிருந்த சமயம். கூட்டம் கூடிற்று. அந்தக் கிழவியை அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்கள் பண்ணையாரும் இல்லை, போலீசும் இல்லை. நம்மைப் போன்ற ஜனங்கள். இன்று நம் மில்களில் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் பக்கத்து மெஷினில் நிற்கிறார்கள். பாஷை தெரியாது. விடுதியில் ஏதாவது காணாமற் போனால் நம் கண் எந்தப் பக்கம் போகிறது என்று ஒவ்வொருவரும் யோசித்துக்கொள்ள வேண்டும். பெருங்காமநல்லூருக்காக வருந்துகிறவர்கள், ‘இந்த ஊர்க்காரன் என்றாலே இப்படித்தான்’ என்று பேசலாமா? சங்கத்துக்குள்ளேயும் இந்த வியாதி உண்டு. இரண்டு நாள் கூட்டத்துக்கு வராதவனைக் கருங்காலி என்று முடிவு கட்டிவிடுகிறோம். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லையோ, போய் விசாரித்தோமா? ஆள்காட்டி இருக்கத்தான் செய்வான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து பேரை ஒருவரையொருவர் சந்தேகிக்க வைத்துவிட்டால், முதலாளி ஆறாவது ஆளுக்கு ஆள்காட்டிக் கூலி கொடுக்க வேண்டியதே இல்லை.

நேரமாகிவிட்டது. ராங்கியம் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சில காரியங்களை மட்டும் சொல்லி முடிக்கிறோம்.

சந்தேகத்தின் பேரில் விசாரிக்க வேண்டும் என்று போலீசார் வந்தால், எந்த வழக்கு, என்ன நம்பர் என்று கேளுங்கள். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றமானால் கைது செய்வதற்குப் பதில் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து ஆஜராகச் சொல்லுவதே பொது விதி. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்திலும் 35-வது பிரிவில் அது இருக்கிறது. கைது செய்தால் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும், குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், வந்த போலீசார் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும், இவை டி. கே. பாசு வழக்கில் 1996-ல் உச்சநீதிமன்றம் போட்ட கட்டளைகள். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சாட்சி விசாரணைக்கென்று பெண்களையும் பதினைந்து வயது நிறையாத பையன்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது; வீட்டில் வந்துதான் கேட்க வேண்டும். யாரைக் கூட்டிக்கொண்டு போனாலும் ராத்திரி என்று பாராமல் உடனே சங்கத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மடப்புரத்து இளைஞர் விஷயத்தில் நடந்ததெல்லாம் இரண்டே நாளில் நடந்து முடிந்தது.

மெமோ வந்தால் பதில் எழுதாமல் இருக்காதீர்கள். கோபத்தில் எழுதவும் வேண்டாம். ‘சந்தேகிக்கப்படுகிறது’ என்ற இடத்தில் கோடு போட்டு, சந்தேகிப்பவர் யார், கண்டது என்ன, கண்ட நேரம் எது, சாட்சி யார், ஸ்டாக் கணக்கின் நகல் எங்கே என்று கேட்டு எழுதுங்கள். விசாரணைக்கு உடன் தொழிலாளி ஒருவரை உதவிக்கு அழைத்து வர அனுமதி கேளுங்கள். படிக்காத எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்; வெற்றுத் தாளில் ரேகை வைக்கவே வைக்காதீர்கள். பதிலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் வாங்கியவர் கையெழுத்தும் தேதியும் போட்டு வாங்கி, சங்க ஆபீசில் கொண்டுவந்து கொடுங்கள். ஞாயிறு காலை பத்து மணி முதல் அங்கே ஆள் இருக்கும்.